எல்லா சர்வருக்கும் ஒரே பெயர்

செங்கம் ரோட்டில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் முதலாளியை நான் வெறுத்தேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. குரலை உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இருவருக்கும் பாரம் குறைந்திருக்கும்.

நாங்கள் மொத்தம் மூன்று பேர். அவர், நான், கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இன்னொருவன். அவன் என்னைவிடச் சில வயது சின்னவன், கல்யாணமானவன், என்னை அக்கா என்று கூப்பிடுவான். லாட்ஜ்கள், ரத்தப் பரிசோதனை நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், இரண்டு மூன்று வெளிநாட்டுக் கடைகள் என்று பலருடைய வெப்சைட்டும் கணக்கும் ஓடுகிற கம்ப்யூட்டர்களை, அதாவது சர்வர்களை, கவனித்துக்கொள்வது எங்கள் வேலை. அந்த சர்வர்களில் ஒன்றுகூட இந்த ஊரில் இல்லை. ஒன்று மும்பையில் இருக்கும், ஒன்று சிங்கப்பூரில், சில ஜெர்மனியில். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தால் அந்த மெஷினுக்குள் போய்விடலாம். உள்ளே போய்விட்டால் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரிதான். ஓட்டலாம், நிறுத்தலாம், அழிக்கலாம்.

முதலாளி பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தவர். நிம்மதி தேடி இந்த ஊருக்கு வந்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆசிரமத்துக்குப் பின்னால் வீடு எடுத்துத் தனியாக இருந்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் திருநீறு. திங்கட்கிழமை மௌன விரதம். அன்றைக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோடும் பேச மாட்டார். டைப் மட்டும் செய்வார். மௌனம் வாய்க்கு மட்டும்தான், விரலுக்குக் கிடையாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது.

சண்டை தொடங்கியது ஒரு டூலில்.

ஒவ்வொரு சர்வருக்கும் முகவரி என்று நீளமாக ஒரு எண் இருக்கும். அதையெல்லாம் யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் என் லேப்டாப்பில் ஒரு சின்ன ஃபைலில் எல்லாவற்றுக்கும் நானே குறும்பெயர் வைத்து எழுதியிருந்தேன். பேரை அடித்தால் போதும், உள்ளே போய்விடலாம். ஒரு நாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, தான் எழுதிய ஒரு டூலைக் காட்டினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு எழுத்தை அடித்ததும் சர்வர்களின் பட்டியல் விரிந்தது. இன்னொரு எழுத்துக்குப் பட்டியல் சுருங்கியது. எது வேண்டுமோ அது மேலே வந்து நின்றது. என்டரைத் தட்டினார். சிங்கப்பூருக்குள் இருந்தார். கண்ணிமைக்கும் நேரம்தான்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார்," என்றேன்.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமே அதுதான். மோசமாக எழுதியிருந்தால் உள்ளுக்குள் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இரண்டே நாளில் என் விரல்கள் அதற்குப் பழகிவிட்டன.

அந்த டூல் இன்னொரு காரியமும் செய்தது. எந்த சர்வருக்குள் எப்போது போனார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதையெல்லாம் குறித்து அவருக்கு அனுப்பியது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சர்வருக்குள் நுழைந்தால் முதலில் ஒரு வரவேற்பு வரி வரும். அதில் என்ன வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். வழக்கமாக அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும். அன்றைக்கு ஆங்கில எழுத்தில் தமிழாக இது இருந்தது: "வெள்ளிக்கிழமை காலைல இந்தப் பக்கம் யாருமே வரலயே. ஸ்கூல் மீட்டிங் அவ்ளோ நேரமா?"

வெள்ளிக்கிழமை என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அனுமதி கேட்டுவிட்டுத்தான் போனேன். "தாராளமா போய்ட்டு வாம்மா" என்று அவரே சொன்னார். திரும்பிக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு சர்வரின் வாசலில் எனக்கு ஒரு வரி காத்திருக்கும். "போன வாரம் இங்க பண்ண வேலைக்கு இவ்ளோ நேரம் ஜாஸ்தி." "வேகம் கம்மி ஆய்டுச்சி. மனசு எங்க இருக்கு?" அதே சர்வருக்குள் கீழ்பென்னாத்தூர்க்காரன் போனாலும் அந்த வரி அவனுக்கும் தெரியும். படித்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் தண்ணீர் குடிப்பான். ஒரு நாள் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து முதலாளியிடம் நேராகவே கேட்டேன்.

"சொல்றத என் கிட்ட சொல்லலாமே சார். எல்லாரும் படிக்கிற எடத்துல எதுக்கு எழுதுறீங்க?"

"நான் யார் பேரையும் எழுதலயேம்மா," என்றார். "உறுத்துதுன்னா அது உங்களுக்கு நல்லது தான்."

அந்த வாரமே என் பழைய ஃபைலும் போயிற்று. ஏதாவது ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதை அழிக்காமல் வைத்திருந்தேன். அது கீழ்பென்னாத்தூர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி என் மேஜைக்கு வந்து, "தனியா ஒரு லிஸ்ட் வெச்சிருக்கீங்களாமே, எடுத்துடுங்க. நம்பிக்கை இல்லாத எடத்துல டூல் வேலை செய்யாது," என்றார். அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே அழித்தேன். அதுவரை மதியம் நானும் அவனும் சோற்றை மாற்றிக்கொண்டு சாப்பிடுவோம். அன்றிலிருந்து என் டப்பாவை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். கறுப்புத் திரையில் நாம் டைப் செய்கிற இடத்துக்கு முன்னால் எப்போதும் அந்த சர்வரின் பெயர் நிற்கும். எந்த மெஷினுக்குள் இருக்கிறோம் என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும். ஒரு நாள் காலையில் போனால் எல்லா சர்வரிலும் அந்த இடத்தில் ஒரே பெயர். சிவா. லாட்ஜுக்குள் போனாலும் சிவா, பள்ளிக்கூடத்துக்குள் போனாலும் சிவா, ஜெர்மனிக்குப் போனாலும் சிவா.

"சார், எதுல இருக்கோம்னே தெரிய மாட்டுதே," என்றேன்.

"தெரியணும்னு என்ன அவசியம்? நீங்க எத கேட்டீங்களோ அதுக்குள்ள தான் டூல் கூட்டிட்டு போகுது. உள்ள போனப்புறம் எல்லாம் ஒண்ணு தான்." சிரித்தார். "நாள் பூரா அந்தப் பேர் கண்ணுல படுது. புண்ணியம்னு நெனச்சிக்கோங்க."

"இது வேலைக்கு ஆவாது சார். யாராவது ஒரு நாள் மாத்தி எதையாவது நிறுத்திடுவோம்."

"உங்களுக்கு எதுலயும் கெட்டது தான் மொதல்ல தெரியுது," என்றார். கீழ்பென்னாத்தூர்க்காரன், "பழகிடும்கா," என்றான். நான் பார்த்த பார்வையில் அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பவுர்ணமி ஒரு திங்கட்கிழமையில் வந்தது. பவுர்ணமி என்றால் ஊரில் லாட்ஜ் ரூம் எதுவும் காலியாக இருக்காது. எங்களிடம் இருந்த ஒரு பெரிய லாட்ஜின் புக்கிங் அன்று காலையிலேயே நின்று நின்று ஓடியது. லாட்ஜ் மேனேஜர் போன் மேல் போன் போட்டார். முதலாளி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்கள் மூவர் குழுவுக்கு ஒரு வரி அனுப்பினார்: "லாட்ஜ் சர்வர ரீஸ்டார்ட் பண்ணுங்க." யார் என்று போடவில்லை. நான் டூலைத் திறந்தேன். அவனும் திறந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் எழுத்துகளை அடித்தேன், லாட்ஜ் பெயர் மேலே வந்தது, என்டர் தட்டினேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் நன்றாக ஓட ஆரம்பித்தது. மேனேஜர் போன் செய்து, "இப்ப சரியா இருக்குங்க," என்றார். நான் காபி குடிக்கக் கீழே இறங்கினேன்.

திரும்பி மேலே வந்தபோது ரத்தப் பரிசோதனை நிலையம் செத்துக் கிடந்தது. அதுவும் எங்கள் வாடிக்கையாளர்தான், அதே ரோட்டில் சற்று தள்ளி இருந்தது. அந்த சர்வரையும் யாரோ நிறுத்தி எழுப்பப் பார்த்திருந்தார்கள். காலை நேரத்து ரிப்போர்ட்டுகள் பாதி ஏறிக்கொண்டிருந்த சமயம், அதனால் அது எழுந்திருக்கவே இல்லை. நானும் அவனும் மதியம் தாண்டும்வரை மல்லுக்கட்டினோம். இதற்குள் அந்த நிலையத்தை நடத்துகிற அம்மா படியேறி வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது.

"காலைல இருந்து வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுத்துட்டு ஜனங்க உக்காந்திருக்காங்க. ஒரு பெரியவர் ரிப்போர்ட் வாங்கிட்டு வேலூர் போணும், வண்டி வெச்சி நிறுத்திட்டு நிக்கிறாங்க. நான் இன்னா பதில் சொல்றது? யாருங்க பொறுப்பு இங்க?"

நான் கண்ணாடித் தடுப்பைக் காட்டினேன். அவர் உள்ளே போனார். முதலாளி எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். அந்த அம்மா கேட்டதையே மறுபடி கேட்டார். முதலாளி உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார்.

"இன்னாங்க இது? வாய் இல்லயா உங்களுக்கு?"

"சாருக்கு திங்கக்கிழமை மௌன விரதம் மேடம்," என்று கீழ்பென்னாத்தூர்க்காரன் வாசலிலிருந்து சொன்னான்.

அந்த அம்மா அவனையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க ஒரு உசுரு நிக்கிது. இவருக்கு விரதம்," என்று பொதுவாகச் சொன்னார். முதலாளி எதையோ டைப் செய்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். அதைப் படித்துவிட்டு அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, பாத்து பண்ண மாட்டியா? படிச்ச பொண்ணு தான நீ?" என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

முதலாளி என்ன எழுதிக் காட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உள்ளே போனேன். லேப்டாப் இன்னும் வெளிப்பக்கம் பார்த்தபடியே இருந்தது. "தவறு செய்த ஊழியரிடம் பேசுகிறேன். மன்னிக்கவும்" என்று இருந்தது.

"சார், நான் லாட்ஜ் சர்வரத் தான் ரீஸ்டார்ட் பண்ணேன்."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார், அடித்தார், என் பக்கம் திருப்பினார். "டூல்ல பதிவு இருக்கு."

"அப்போ பாருங்க."

"பாத்துட்டேன். நீங்க தான்."

"நான்னு போட்டிருக்கா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடித்தார். "உங்க மனசுக்குத் தெரியும்."

"மனசு கெடக்கட்டும் சார். வாயத் தெறந்து சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்து, இது நீ பண்ண தப்புன்னு சொல்லுங்க."

"இன்னிக்கி மௌனம்."

"எல்லாத்துக்கும் ஒரே பேர் வெச்சது யாரு? ஒரு நாள் இப்படி ஆவும்னு நான் சொன்னனா இல்லயா? அன்னிக்கி நல்லா பேசுனீங்களே, சிரிச்சி சிரிச்சி."

என் குரல் மருந்துக்கடைவரை கேட்டிருக்கும். அவர் விரல் நிதானமாக ஓடியது. அவர் எழுதி முடிக்கும்வரை நான் அங்கே காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்கு நடந்ததிலேயே அந்த நிற்றல்தான் எனக்கு இன்னும் எரிகிறது. ஒருவனைத் திட்டிவிட்டு, அவன் டைப் செய்து முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. திருப்பினார். "கோவம் வேண்டாம்மா. அது நம்மளத் தான் எரிக்கும்."

அந்த லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. வெளியே வந்தேன். கீழ்பென்னாத்தூர்க்காரனிடம், "நீ காலைல எந்த சர்வருக்குள்ள போன?" என்று கேட்டேன்.

"லாட்ஜுக்குள்ளக்கா. ரீஸ்டார்ட் குடுத்தேன்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லாட்ஜை இரண்டு பேர் நிறுத்தி எழுப்பியிருந்தால் பரிசோதனை நிலையத்தை யார் நிறுத்தியது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு முன் என் இடத்தில் உட்கார்ந்து டூலில் ஒரு எழுத்தை அடித்தேன். பட்டியல் விரியவில்லை. வேறு எழுத்து அடித்தேன். அதற்கும் ஒன்றும் வரவில்லை. நான் நடந்து வந்த அந்த நேரத்துக்குள் டூலின் பாஸ்வேர்டை மாற்றி என்னை வெளியே தள்ளிவிட்டிருந்தார். ஆள் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடியிருந்தார்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கிரிவலக் கூட்டம் அதற்குள் ரோட்டை நிறைத்துவிட்டிருந்தது. ஆட்டோக்களை விடவில்லை. எல்லாரும் ஒரு திசையில் வர, நான் எதிர்த் திசையில் டவுனுக்கு நடந்தேன். "இந்தப் பக்கம் போம்மா" என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர்மேல் இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டதற்கு வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த சில வாரங்கள் மோசமாகப் போயின. பதிவு இருக்கிறது என்று அவர் சொன்னது உள்ளே இறங்கிவிட்டிருந்தது. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த என்டரை மறுபடி மறுபடி தட்டிப் பார்ப்பேன். மேலே நின்றது லாட்ஜ் பெயர்தானா? பட்டியல் அந்த நொடியில் மாறியிருக்குமா? உள்ளே போனபின் இருந்தது சிவா என்ற ஒரு பெயர்தானே, நான் எதை வைத்து லாட்ஜ் என்று சொல்கிறேன்? சில நாட்கள் நான்தான் என்றே முடிவு கட்டிவிடுவேன். அந்தப் பெரியவர் வேலூர் போய்ச் சேர்ந்தாரா என்று பரிசோதனை நிலையத்தில் கேட்க நினைத்து, வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

சென்னைக் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கும் இதே மாதிரி ஒரு டூல்தான். சர்வருக்குள் போனதும் முதல் காரியமாக, உன் பெயர் என்ன என்று மெஷினையே கேட்கிற கட்டளையை அடித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை முதலாளி என் வீட்டுக்கு வந்தார். பேசுகிற நாள். கையில் பழப் பை. என் வீட்டுக்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, நான் தடுப்பதற்குள் காபிக்குப் பால் வைத்துவிட்டார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"எதுக்கு வந்தீங்க?"

"ஜெர்மனி கஸ்டமர் உங்களத் தான் கேக்குறாங்க. மத்த எதையும் மனசுல வெச்சிக்காம வந்துடுங்க." டம்ளரை வாங்கிக்கொண்டார். "டூல்லயும் மாத்தம் பண்ணிட்டேன். பேரெல்லாம் பழையபடி வெச்சாச்சி. பதிவும் இப்ப தனித்தனியா வருது. யார் எதுக்குள்ள போனாங்கன்னு தெளிவா தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன். "இப்ப தெரியும்னா? அப்போ தெரியாதா?"

காபியை ஒரு வாய் குடித்தார்.

"சொல்லுங்க சார். அன்னிக்கி பதிவுல யார் பேர் இருந்துது?"

"மூணு பேருக்கும் ஒரே லாகின் தானம்மா அப்போ. ஆபீஸ்னு மட்டும் தான் வரும்." குரலில் ஒரு உறுத்தலும் இல்லை. "பொதுவா லாட்ஜ் வேலை நீங்க தான பாப்பீங்க. அத வெச்சி தான்."

இத்தனை வாரமும் நான் தூக்கமில்லாமல் தட்டிய அந்த என்டரெல்லாம் எதற்கு என்று இருந்தது. பதிவில் யார் பெயருமே இல்லை. அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, நான் இருந்தேன். அதுவும் வாயால் சொல்லவில்லை, பொய்யைக்கூட டைப்தான் செய்திருக்கிறார்.

"பழத்த எடுத்துட்டு கெளம்புங்க," என்றேன்.

"கோவம் இன்னும் போகலயாம்மா."

"போகல. போகவும் போகாது. காபிய குடிச்சிட்டு கெளம்புங்க."

அவர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம், "நல்ல வேலைக்காரங்க. மனசு தான் கொஞ்சம் பக்குவம் இல்ல," என்றார். இவரும் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அதற்காக இவரோடு தனியாக ஒரு சண்டை போட்டேன்.

அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்க்காரனுக்கு போன் செய்தேன். வேலையை விட்டபின் அவனுக்குச் செய்த முதல் போன். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"அன்னிக்கி அந்த லேப் சர்வர நிறுத்தினது நீ தான?"

பஸ்ஸில் யாரையோ நகரச் சொல்லிவிட்டுப் பேசினான்.

"நெஜமா தெரியலக்கா. லாட்ஜ் பேர பாத்து தான் அடிச்சேன். தட்டுற நேரத்துல லிஸ்ட் ஒரு தரம் அசைஞ்சிச்சி. உள்ள போனா சிவான்னு தான் இருந்துது. குடுத்துட்டேன்."

"லிஸ்ட் அசைஞ்சத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சார் உங்களன்னு முடிவு பண்ணிட்டாருக்கா. நான் நடுவுல பூந்து..." பஸ் ஹாரன் அடித்தது. "எனக்கு ரெண்டு பசங்கக்கா."

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு," என்றேன்.

"தெரியும்கா. வேணும்னா நாளைக்கி சார் கிட்ட சொல்லிடுறேன்."

"இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்த லேப் அம்மா கிட்ட போய் சொல்லு. என்னைத் தான அவங்க கேட்டாங்க, படிச்ச பொண்ணு தானான்னு."

"சரிக்கா," என்றான்.

அவன் போகமாட்டான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. போகவும் இல்லை. அடுத்த வாரம் நானே போய் அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மேஜையில் ஊசிப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். பெரியவர் அன்றைக்கு ராத்திரியே ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வேலூர் போய்விட்டார், இப்போது பரவாயில்லை என்றார். அந்த மாடிக்காரர்களை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகவும் சொன்னார். என்னிடம் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றார்கள், வழி விடச் சொன்னார், வெளியே வந்துவிட்டேன்.